மழை நின்னுருச்சு டீச்சர்

தும்பைக்குளத்தில் மழை நின்ற கதையை எங்கிருந்து தொடங்கினாலும் அது ஒன்றாம் வகுப்பில்தான் போய் முட்டும் என்பதால் அங்கேயே தொடங்கிவிடலாம்: பிள்ளைகள் பதினோரு பேர், சுவரில் ஒரு பெரிய டிவி, கையில் ரிமோட்டோடு பியூலா டீச்சர், கதவோரத்தில் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி சங்கரேஸ்வரி.

சங்கரேஸ்வரிக்கு அந்த வகுப்பில் வேலை ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு சமைக்கிறவள் அவள். கிச்சடியோ சேமியாவோ கிண்டிப் போட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் நேராகக் காட்டுக்குப் போய்விடலாம். ஆனால் டிவி வந்த நாளிலிருந்து அண்டா வேகவேகமாகக் கழுவப்பட்டது, சில நாள் அடியில் கொஞ்சம் கிச்சடி ஒட்டிக்கொண்டே கூடக் கவிழ்க்கப்பட்டது, அவள் வந்து கதவோரம் நின்றுகொண்டு "தர்ஷிகா ஒழுங்கா இருக்காளான்னு பாக்க வந்தேன் டீச்சர்" என்பாள். மகள் தர்ஷிகா ஒழுங்காகத்தான் இருப்பாள். அம்மாதான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள்.

பியூலா டீச்சர் பாடம் நடத்தும் விதம் அப்படி. வீடியோவை ஓடவிடுவார், சரியான இடம் பார்த்து ரிமோட்டை அமுக்கி நிறுத்துவார், கேள்வி கேட்பார். முட்டையை உடைத்துக்கொண்டு குஞ்சு தலையை நீட்டும் இடத்தில் நிறுத்தி, "இப்ப குஞ்சு என்ன செய்யும்?" என்றால், "காக்கா தூக்கிட்டுப் போயிரும் டீச்சர்" என்று பதினோரு பேரும் கவலைப்படுவார்கள். காந்தத்தைப் பார்த்து ஆணி ஓடிவரும் இடத்தில் நிறுத்தினால், "ஆணிக்குக் காந்தத்தப் புடிச்சிருக்கு டீச்சர்" என்று வெட்கப்படுவார்கள். ஒருநாள் பயறு முளைக்கிற வீடியோ. ஏழு நாள் சங்கதியை ஒரே நிமிஷத்தில் காட்டினார்கள். பயறு தண்ணீர் குடித்து உப்புகிறது, தோல் கிழிகிறது, எலிக்குஞ்சின் வால் மாதிரி வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்து, கீழே எது மேலே எது என்று யாரையும் கேட்காமல், கீழே பார்த்து வளைகிறது. வருஷா வருஷம் விதைக்கிறவள்தான் சங்கரேஸ்வரி, ஆனால் மண்ணுக்குள்ளே இத்தனை நடக்கிறதென்று அன்றைக்குத்தான் பார்த்தாள். அதற்கப்புறம் காட்டில் கால்வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாகவே வைத்தாள்.

இந்த வருஷம் விதைத்ததும் அவள் முடிவுதான். வீட்டுக்காரன் முத்துக்காளை லாரியோடு வடக்கே போயிருந்தான். சனிக்கிழமை ஒரு தூறல் போட்டு மண் பதமாகியிருந்தது. "பெரிய மழை வரட்டும், பொறு" என்று அவன் போனில் சொன்னான். "மண்ணு கூப்பிடுது, அங்கேருந்து உங்களுக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு ஏக்கருக்கும் பாசிப்பயறு விதைத்து முடித்தாள். வானம் பார்த்த கரிசல் காடு, கிணறு கிடையாது, மோட்டார் கிடையாது. தூறல் ஈரத்தில் பயறு கண் விழித்துவிடும், விழித்தது வளர ஒரு வாரத்துக்குள் மழை வேண்டும், வராவிட்டால் முளை உள்ளேயே கருகிவிடும். மறுபடி விதைக்க வீட்டில் பயறு இல்லை.

திங்கட்கிழமை காலையிலேயே மேற்கே கருகருவென்று கட்டிக்கொண்டு வந்தது. பியூலா டீச்சரும் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வானமே பாடத்துக்கு வந்து நிற்கும்போது வேறென்ன நடத்துவது என்று மழை வீடியோவைப் போட்டார். கடல் காய்ந்தது, ஆவி மேலே போனது, மேகம் திரண்டது, மழை புறப்பட்டது. வெளியேயும் அதே நேரம் மழை புறப்பட்டு, வெள்ளைத் திரையாகக் காடுகளைத் தாண்டி ஊர்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. டிவியில் துளிகள் பாதி வழியில் வரும்போது டீச்சர் வழக்கம்போல ரிமோட்டை அமுக்கினார்.

"பிள்ளைகளா, இப்ப மழை என்ன ஆச்சு?"

பதினோரு பேரும் ஒரே குரலில், ஓடு அதிர, "மழை நின்னுருச்சு டீச்சர்!" என்றார்கள்.

"வெரி குட்" என்றார் டீச்சர்.

மழை நின்றது. வெளியே வந்துகொண்டிருந்த மழைதான், தரைக்கு ஒரு கணுக்கால் உயரத்தில், வந்தது வந்தபடி, ஒவ்வொரு துளியும் அது அது இருந்த இடத்திலேயே, மேலே மேகம் வரைக்கும் அப்படியே நின்றது. ஒரு சொட்டுக்கூட மண்ணைத் தொடவில்லை. டீச்சர் பதறி ரிமோட்டை மறுபடி அமுக்கினார். டிவிக்குள் மழை பெய்து, ஆறு ஓடி, வீடியோ முடிந்து, கைதட்டல் கூட வந்தது. வெளியே மழை நின்றபடியே நின்றது.

முதல் நாள் ஊர் பயந்தது. கோழிகள்தான் முதலில் துணிந்து உள்ளே போய், துளிகளைத் தானியம் மாதிரி கொத்தித் தின்றுவிட்டுத் தெம்பாகத் திரும்பி வந்தன. அதைப் பார்த்து ஆட்களும் நுழைந்தார்கள். நுழைந்தவர் உடம்பு பட்ட துளியெல்லாம் உடம்போடு வந்துவிட, போன வழி அவரவர் உருவத்திலேயே குகை மாதிரி மழைக்குள் திறந்துகொண்டது. பிள்ளைகள் போன வழியில் பெரியவர்கள் குனிந்து போக வேண்டியிருந்தது. சங்கரேஸ்வரியின் பக்கத்துக் காட்டுக்காரி வேலம்மாள் நல்ல வாட்டசாட்டம். அவள் ரேஷன் கடைக்குப் போய்வந்த வழியை ஊரே பொதுப்பாதையாக ஆக்கிக்கொண்டது.

"என் ஒடம்பப் பத்திப் பேசுன நாக்கெல்லாம் இன்னைக்கு என் பின்னாடிதான வருது" என்று அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ரெண்டாம் நாளே மழை பழகிவிட்டது. குடத்தைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு நாற்பது எட்டு எடுத்து வைத்தால் குடம் நிறைந்தது, குழாயடிச் சண்டை ஓய்ந்தது. ஒன்பது மணி பஸ் வந்துபோன வழி பஸ் உருவத்திலேயே ஒரு வாசல் மாதிரி நின்றது, கண்டக்டர் பஸ்ஸைக் கழுவுவதையே மறந்தார். துவைத்த துணியை உலர்த்தத்தான் இடமில்லை. ஒரு அதிகாரி வந்து பள்ளிக்கூடத்து மூலையில் இருந்த மழைமானியை எட்டிப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது.

"இங்க மழையே இல்லையே" என்றார், தலையிலிருந்து தண்ணீர் வழிய.

"நின்ன மழை சார்" என்றார்கள்.

"மழை நின்னுருச்சுன்னா பெய்யலைன்னுதானய்யா அர்த்தம்?" என்று கேட்டு, பேனாவை உதறி, மழை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவர் கேட்டதிலும் தப்பு சொல்ல முடியாமல் ஊர் நின்றது.

இன்னொரு பயமும் உண்டானது. நின்னுருச்சு என்ற ஒரு சொல்லுக்கு மழை நின்றதென்றால், யாராவது வாய் தவறி மழை 'விட்டுருச்சு' என்று சொல்லித் தொலைத்தால் அது ஊரையே விட்டுப் போய்விடாதா? அன்றிலிருந்து தும்பைக்குளத்தில் எவரும் எதையும் விடவில்லை. மாட்டை அவிழ்த்தார்கள், பஸ்ஸை அனுப்பினார்கள். பியூலா டீச்சர்கூட லீவு விடுவதைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை.

டீச்சருக்குப் பயம் ஒருபக்கம் இருந்தாலும் பாடம் பாடம்தான். பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து, வீடியோவில் காட்ட முடியாததையெல்லாம் காட்டினார். ஒவ்வொரு துளிக்குள்ளும் குட்டியாக ஒரு பள்ளிக்கூடம் தலைகீழாகத் தொங்கியது.

"ஏன் தலைகீழாத் தெரியுது? வெளிச்சம் தண்ணிக்குள்ள போனா வளையும், அதான்" என்றார்.

"இல்ல டீச்சர், மழை மேலேருந்து தலைகீழா வருதுல்ல, அதுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்" என்றாள் தர்ஷிகா. அதையும் டீச்சர் சரி என்றே சொன்னார்.

இதெல்லாம் மற்றவர்களுக்கு. சங்கரேஸ்வரிக்குத் தலைக்கு மேலே மழை நிறைந்து நின்றது, காலுக்குக் கீழே மண் காய்ந்துகொண்டு வந்தது. துளிகளைச் சுளகால் தட்டிப் பார்த்தாள். தட்டிய துளி சிதறி, சிதறியது சிதறிய இடத்தில் நின்றது. சரி என்று குடம் குடமாகப் பிடித்துக் காட்டில் ஊற்றினாள், வேலம்மாளும் கூட ஊற்றினாள். மூன்று நாளில் நனைந்தது ரெண்டு உழவுச்சால்தான். முத்துக்காளை போனில், "மழை என்னாச்சு?" என்று கேட்டான்.

"நிக்குது" என்றாள்.

"நின்னுருச்சா? அதுக்குத்தான் அன்னைக்கே பொறுன்னேன்."

"நிக்குதுங்க. வந்து பாத்தாத்தான் ஒங்களுக்கு வெளங்கும்" என்று போனை வைத்தவள், அதற்கப்புறம் அவன் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காட்டில் ஒரு பயறைத் தோண்டி எடுத்தாள். வீடியோவில் பார்த்த அதே உப்பல், அதே கிழிசல், அதே எலிவால். ஆனால் வாலின் நுனி லேசாகப் பழுத்திருந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. முன்னெல்லாம் தெரியாமல் காய்ந்தது, இப்போது ரெண்டு ஏக்கர் மண்ணுக்குள்ளும் லட்சம் எலிவால்கள் தண்ணீரைத் தேடி வளைவது அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. இன்னும் ரெண்டு நாள் தாங்கும், மீறிப்போனால் மூன்று.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பாண்டி ஒன்றாம் வகுப்பு முழுவதையும் மைக் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார். சொல்லால் நின்றதைச் சொல்லால்தான் நகர்த்த வேண்டும் என்பது அவர் கட்சி. பிள்ளைகள் "பெய்" என்று கத்தினார்கள். "எறங்கு" என்றார்கள். "கொட்டு", "ஊத்து" என்றார்கள். ஒருத்தன் உற்சாகத்தில் "அடி" என்று தொடங்க, மழை நிஜமாகவே அடித்துவிட்டால் ஊர் தாங்காது என்று நாலு பேர் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்கள். மழை அசையவில்லை. எல்லோரும் திரும்பி பியூலா டீச்சரைப் பார்த்தார்கள்.

"நீங்க வெரி குட் சொன்னதுதாம்மா வினை" என்றார் தலைவர். "திங்கக்கிழமைக்குள்ள மழை எறங்கலைன்னா வேற டீச்சர் கேட்டு எழுதிப்போட வேண்டியதுதான்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சங்கரேஸ்வரி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மனசெல்லாம் காட்டில் இருந்ததால் சீப்பு இழுத்த இழுப்பில் தர்ஷிகா கத்தினாள்.

"வலிக்குதும்மா!"

"ஆடாம நில்லுடி."

"எம்புட்டு நேரம் நிக்க? கால் வலிக்குது. நான் என்ன மழையா?"

"மழைக்கு என்னவாம்?"

"பாவம்மா அது. திங்கக்கெழமையிலேருந்து நிக்குது. டீச்சர் இன்னும் உக்காரச் சொல்லலைல."

"மழையாடி உக்காரும், கூறு கெட்டவளே" என்று சிரித்தவள், அடுத்த பின்னலுக்கு முடியைப் பிரிக்கும்போது கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

வகுப்புக்கு டீச்சர் வந்தால் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருப்பார்கள். டீச்சர் வாயால் 'உக்காருங்க' என்று வராமல் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். டீச்சர் வருகைப்பதிவைத் தேடிக்கொண்டு மறந்துபோனால்கூட, ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்து நிற்பார்களே தவிர உட்கார மாட்டார்கள். தலைவர் சொல்லியோ பிள்ளைகள் சொல்லியோ உட்காருவதெல்லாம் பள்ளிக்கூடத்தில் கிடையாது. அந்த மழை நின்றதும் வகுப்பு நேரத்தில்தானே?

ரெட்டைப் பின்னலில் ஒன்று போட்டபடியும் ஒன்று போடாதபடியும் மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓடினாலும் அடுப்பைப் பற்றவைத்து, கிச்சடி கிண்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் தட்டிலும் போட்ட பிறகுதான் டீச்சரிடம் போனாள். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த வேலையும் ஓடாது என்பது அவள் கண்டது.

டீச்சர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நான் உக்காரச் சொல்றதா? வேண்டாம் சங்கரி. ஏற்கெனவே ஒரு வெரி குட்டுக்கு நான் படுறது போதும்."

"எனக்கு இன்னைக்கோ நாளைக்கோதான் டீச்சர். அதுக்கு மேல முளை நிக்காது. ஒங்க வீடியோவுலதான அந்த வேரக் காமிச்சீங்க? காமிச்சிட்டு இப்ப சாகவும் பாக்கச் சொல்றீங்களா?"

டீச்சர் எழுந்தார், பாதியில் நின்றார். "இரு. ஒன்னாங்கிளாஸ் எப்படி உக்காரும்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். 'உக்காருங்க' என்ற வார்த்தையில் கடைசி எழுத்து முடிவதற்குள் பதினோரு பேரும் தொப்பென்று விழுவார்கள், ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுவான், சிலேட்டு உடையும். இருவரும் சன்னல் வழியாக மேலே பார்த்தார்கள். கணுக்காலிலிருந்து மேகம் வரைக்கும் ஐந்து நாள் கால் கடுத்துப்போன மழை. அது மொத்தமும் ஒரே நேரத்தில் தொப்பென்று உட்கார்ந்தால் பயறு என்ன, காடே ஓடைக்குப் போய்விடும்.

"அடி ஆத்தீ" என்றாள் சங்கரேஸ்வரி.

"வரிசையா உக்கார வைக்கணும்" என்றார் டீச்சர் மெதுவாக. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் பழைய டீச்சர் திரும்பி வந்தார். "முதல் வரிசை, ரெண்டாம் வரிசைன்னு. மைக் எங்கே இருக்கு?"

தலைவர் மைக்கைத் தர யோசித்தார். "உக்காருன்னா? மழைய உக்காருன்னு எந்த ஊர்லம்மா சொல்றாக?" என்றார். வேலம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இந்த ஊர்ல சொல்லுவோம். குடுங்க சித்தப்பா" என்றாள். அவள் நின்ற நிற்பைப் பார்த்து அவர் கொடுத்துவிட்டார்.

மழைக்குத் தெரியவேண்டும் என்று பிள்ளைகளை மைதானத்தில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நிற்கவைத்தார் டீச்சர். சங்கரேஸ்வரி அதைப் பார்க்க நிற்கவில்லை. காட்டைப் பார்த்து ஓடினாள், மழையைக் கிழித்துக்கொண்டு நேர்வழியாக, புதிதாக ஒரு பாதை தன் உருவத்தில் பின்னால் திறக்க. அவள் வரப்பில் ஏறி நின்றபோது, ஒலிபெருக்கி கரகரத்து, டீச்சர் தொண்டையைச் செருமுவது காடு முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் டீச்சரைக் கவனிங்க. முதல் வரிசை மட்டும். சத்தம் போடாம, தள்ளாம, மெதுவா உக்காருங்க."

மைதானத்தில் முன்னால் நின்ற தர்ஷிகா, ஒற்றைப் பின்னலோடு, கண்ணாடி டம்ளரைத் தரையில் வைப்பது மாதிரி உட்கார்ந்தாளாம். அப்புறம் ஊரே சொன்னது. சங்கரேஸ்வரி பார்த்தது காட்டைத்தான். அவள் கணுக்காலுக்கு நேரே ஐந்து நாளாக நின்ற துளிகள், ரெண்டு ஏக்கரிலும், வேலம்மாள் காட்டிலும், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய கரிசல் அத்தனையிலும், ஒரு மூச்சு விடுகிற மாதிரி இறங்கி மண்ணில் உட்கார்ந்தன. புழுதி எழவில்லை. சொத் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

"நல்ல பிள்ளைக. ரெண்டாம் வரிசை."

ரெண்டாம் வரிசை உட்கார்ந்தது. மூன்றாவது உட்கார்ந்தது. ஏழாம் வரிசையில் நடுவே கொஞ்சம் துளிகள் அவசரப்பட்டுச் சடசடவென்று விழ, "யாரது அங்க? எழுந்திரு, ஒழுங்கா உக்காரு" என்று அதட்டல் வந்தது. விழுந்த துளிகள் வெட்கத்தோடு ஒரு முழம் எழும்பி, திருப்பி மெதுவாக உட்கார்ந்தன. இருபதாம் வரிசையில் கரிசல் நிறம் மாறியது. ஐம்பதில் மண் வாசம் ஊருக்குள் போய், வீட்டுக்குள் இருந்தவர்களையெல்லாம் வாசலுக்கு இழுத்து வந்தது. தலைவர் நாற்காலி கொண்டுவந்து போட, டீச்சர் அதில் உட்காராமல் எண்ணிக்கொண்டே போனார், பிள்ளைகளும் கூடவே எண்ணினார்கள். நூறு வந்ததும் எல்லாக் குரலும் நின்றன, ஏனென்றால் ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் நூறோடு எண்கள் முடிகின்றன. ஒலிபெருக்கியில் கிசுகிசுவென்று ஒரு பேச்சுவார்த்தை கேட்டது. பிறகு டீச்சர் சொன்னார்:

"சரி, மறுபடியும் ஒன்னுலேருந்து. முதல் வரிசை."

மழை அதற்கும் கட்டுப்பட்டது. இப்படி மத்தியானம் போய், சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழாமல், மூன்று மணியாகியும் வரிசை தீராமல், ஊதக்காற்றோ இடியோ இல்லாமல், பிள்ளை தூங்கும் வீட்டில் நடக்கிற மாதிரி மழை உட்கார்ந்துகொண்டே இருந்தது. வேலம்மாள் வந்து சேர்ந்தபோது சங்கரேஸ்வரி குனிந்து, கையை மண்ணுக்குள் நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வரைக்கும் போனது, ஈரம். முழங்கைக்குப் பாதி வரைக்கும் போனது, அங்கேயும் ஈரம். விரலில் ஒரு பயறு தட்டுப்பட்டது. எடுத்துப் பார்க்கவில்லை. நுனியால் தொட்டுப் பார்த்தாள், வேர் வழுவழுவென்று, விறைப்பாக, கீழே பார்த்து வளைந்திருந்தது. மண்ணை மூடி, மேலே ஒரு தட்டு தட்டினாள்.

"என்னட்டி?" என்றாள் வேலம்மாள்.

"இருக்கு மதினி. உசுரோட இருக்கு."

முந்தானையில் செருகியிருந்த போன் அடித்தது. ஐந்து நாளில் முதல் தடவையாக யோசிக்காமல் எடுத்தாள். முத்துக்காளை எந்த ஊர் ரோட்டிலிருந்தோ, "என்ன சத்தம் அது? யாரு மைக்குல எண்ணுறா? மழை என்னாச்சு?" என்று கேட்டான்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல், போனை மழைக்கு நேரே நீட்டினாள். அந்தப் பக்கம் லாரி இன்ஜின் அணைந்தது. அப்புறம், "கேக்குது" என்றான்.

டீச்சரின் குரல் கட்டிப்போய், "அறுபத்தி நாலாம் வரிசை, மெதுவா, உக்காருங்க" என்று வந்தது. சங்கரேஸ்வரியும் உட்கார்ந்தாள், வரப்பில், சேற்றில், காலை நீட்டி, திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக.

"ஏட்டி, சீலையெல்லாம் சகதி" என்றாள் வேலம்மாள்.

"இருக்கட்டும் மதினி. நீங்களும் உக்காருங்க."

"நான் உக்காந்தா வரப்பு தாங்காதுட்டி" என்று சொல்லிக்கொண்டே, அவளும் உட்கார்ந்தாள்.